நடுத்தர செயின்சாவுக்கு 0.325 பிட்ச்சா, 3/8 பிட்ச்சா?

45 சி.சி. முதல் 60 சி.சி. வரை எஞ்சின் கொண்ட செயின்சாவைப் பயன்படுத்துகிறவர்கள், முதல் செயின் தேய்ந்து புதியது வாங்க வேண்டிய கட்டத்தில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இருக்கிற பிட்ச்சிலேயே (செயினின் ரிவெட்டுகளுக்கு இடையிலான சராசரித் தூரம், அங்குலத்தில்) தொடர்வதா, அல்லது ஒரு படி மேலே போவதா? இதைவிடச் சிறிய ரம்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அவற்றில் உயரம் குறைந்த ‘லோ புரொஃபைல்’ 3/8 செயின்தான் பொதுவாக வரும். அதைத் தாண்டிப் போக அந்த எஞ்சினுக்கு வலு கிடையாது. 70 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் முழு அளவு 3/8 செயின் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அவற்றிலும் மிகப் பெரியவற்றில் 0.404 ஓடுகிறது. நடுவில் இருக்கும் வகைக்குத்தான் 0.325, 3/8 ஆகிய இரண்டுமே பொருந்துகின்றன, இரண்டுக்குமே ஆதரவாளர்களும் இருக்கிறார்கள்.

பெரிய பல் இருந்தால் வேகமாக அறுக்கும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. பார்வைக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் செயின், அதைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், எஞ்சின் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி விரிகிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் கையில் இருக்கும் செயின் எந்தப் பிட்ச் என்பதைச் சந்தேகமின்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

செயினை ஒரு மேசைமேல் நேராக நீட்டி, தொய்வு இல்லாமல் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து உள்ள மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் மையத்திலிருந்து மூன்றாவது ரிவெட்டின் மையம் வரை உள்ள தூரத்தை அளந்து, அதைப் பாதியாக்கினால் கிடைப்பது பிட்ச். மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம் என்பதால், காலிப்பரின் ஒரு முனையை முதல் ரிவெட்டுத் தலையின் இடது விளிம்பிலும், மறுமுனையை மூன்றாவது ரிவெட்டுத் தலையின் இடது விளிம்பிலும் வைத்து அளந்தால் அதே தூரம் பிசகின்றிக் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ரிவெட்டுகளை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்; பாரின் (செயினைத் தாங்கும் நீண்ட தகட்டின்) பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கில் உள்ள துளைகளுக்கு இடையிலான தூரமும், பல்லிலும் இணைப்புத் தகட்டிலும் உள்ள துளைகளுக்கு இடையிலான தூரமும் சமமாக இருப்பதில்லை. ஒன்று சற்றுக் கூடுதலாகவும் மற்றொன்று சற்றுக் குறைவாகவும் மாறி மாறி வருவதால்தான் மூன்று ரிவெட்டுகளை எடுத்துச் சராசரி காண்கிறோம்.

0.325 செயினில் இந்த மூன்று ரிவெட்டுத் தூரம் 16.5 மி.மீ. அளவில் இருக்கும். 3/8 செயினில் கணக்குப்படி 19.05 மி.மீ. இருக்க வேண்டும் என்றாலும், 18.6 மி.மீ.க்கு அருகில் வந்தால் அளந்ததில் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டில் நிறுவனம் தன் கையேடுகளிலேயே 3/8 பிட்ச்சை 9.32 மி.மீ. என்றுதான் குறிப்பிடுகிறது. எப்படியானாலும் இரண்டு வகைக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிவதால், நல்ல ஸ்கேல் ஒன்று இருந்தாலே பிரித்தறிந்துவிடலாம்.

அளக்காமலேயே கண்டுபிடிக்க வழி உண்டு, செயினில் பொறித்திருக்கும் எண்கள் தேய்ந்துபோகாமல் இருந்தால். ஸ்டில் செயினில் பல்லுக்கு முன்னால் நின்று வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ரேக்கரில் 2 என்றிருந்தால் 0.325, 3 என்றிருந்தால் 3/8, 4 என்றிருந்தால் 0.404. அதன் டிரைவ் லிங்க்கில் 3, 5, 6 என்று ஏதேனும் ஓர் எண் இருந்தால் அது பிட்ச் அன்று, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்னும் கேஜ், அதாவது டிரைவ் லிங்க்கின் கனம். ஓரிகன் நிறுவனச் செயின்களின் டிரைவ் லிங்க்கில் 20, 21, 22 ஆகிய எண்கள் 0.325 பிட்ச்சையும், 72, 73, 75 ஆகிய எண்கள் 3/8 பிட்ச்சையும் குறிக்கும்; ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று எண்கள் இருப்பது மூன்று கேஜ்களுக்காக. 95 என்பது குறுகலாக அறுக்கும் 0.325. 91 என்பது லோ புரொஃபைல் 3/8. இந்தக் கடைசி வகையின் பெயரிலும் 3/8 இருப்பதுதான் எத்தனையோ தவறான வாங்குதல்களுக்குக் காரணம். நடுத்தர ரம்பத்தில் வரும் முழு அளவு 3/8 செயினைவிட அதன் உடலும் பல்லும் தாழ்வானவை. முழு அளவு செயினுக்கான ஸ்பிராக்கெட்டில் அதை ஓட்டக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம்.

ஸ்பிராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் செயினின் ஒரு டிரைவ் லிங்க்கைப் பிடித்துத் தள்ளுகிறது. ஒரு டிரைவ் லிங்க்கிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம் இரண்டு பிட்ச். ஆகவே 7 பல் ஸ்பிராக்கெட் ஒருமுறை சுற்றினால் செயின் 14 பிட்ச் தூரம் நகர்கிறது: 0.325 என்றால் சுமார் 115 மி.மீ., 3/8 என்றால் 130 முதல் 133 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும்போது, முதலாவது செயினின் வேகம் நொடிக்கு 19 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. இரண்டாவதன் வேகம் 22 மீட்டரை ஒட்டி வருகிறது. எஞ்சின் ஒன்றே, சுற்று ஒன்றே, ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையும் ஒன்றே. பிட்ச் மட்டும் மாறியதால் செயினின் வேகம் மாறிவிட்டது. சைக்கிளில் கியர் மாற்றுவதைப் போன்றதுதான் இது. வேகம் கூடினால் இழுவிசை குறையும். 3 கிலோவாட் திறன் தரும் 50 சி.சி. எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொண்டால், உராய்வு இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், 0.325 செயினுக்குக் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 156 நியூட்டன். 3/8 செயினுக்கு 137 நியூட்டன். அதாவது 16 கிலோ எடைக்கும் 14 கிலோ எடைக்கும் உள்ள வேறுபாடு. அவ்வளவு சத்தம் போடும் இயந்திரத்தின் செயினில் உள்ள மொத்த இழுவிசையே இவ்வளவுதான் என்பது முதன்முதலாகக் கணக்குப் போடுகிறவருக்கு வியப்பாகவே இருக்கும். இந்தச் சிறிய இழுவிசையை எத்தனை பற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

இடப் பல், இணைப்புத் தகடு, வலப் பல், இணைப்புத் தகடு என்ற வழக்கமான வரிசையில் ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு பிட்ச் இடைவெளி உண்டு. 0.325 செயினில் அது 33 மி.மீ.; 3/8 செயினில் 37 அல்லது 38 மி.மீ. 35 செ.மீ. தடிமனுள்ள மரத்துக்குள், முதலாவதில் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் பற்கள் ஒரே நேரத்தில் அறுத்துக்கொண்டிருக்கும், இரண்டாவதில் ஒன்பது. இழுவிசையை இந்தப் பற்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரு பல்லுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 14.7 நியூட்டன். இது தற்செயல் அன்று. பிட்ச் கூடும்போது இழுவிசை எந்த விகிதத்தில் குறைகிறதோ, மரத்துக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் குறைகிறது. ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கை மாறாதவரை, பிட்ச் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் ஒரே அளவு விசைதான் போய்ச் சேருகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் 7 டிரைவ் லிங்க்குகள் நகர்வதால், மரத்தின் எந்த ஓர் இடத்தையும் மூன்றரைப் பற்கள் கடந்து செல்கின்றன. இந்த எண்ணிக்கையும் பிட்ச்சைப் பொறுத்தது அன்று. ஆகவே ஒவ்வொரு பல்லும் ஒரே கனத்தில் சீவல் எடுக்குமானால், இரண்டு செயின்களும் மரத்துக்குள் இறங்கும் வேகம் ஒன்றாகவே இருக்கும். செயின் எவ்வளவு விரைவாகப் பறக்கிறது என்பது இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு பல்லும் எவ்வளவு கனமான சீவலை எடுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இப்போது கேள்வி கூர்மையாகிவிட்டது. ஒரே அளவு விசை கிடைக்கும் இரண்டு பற்களில் எது கனமான சீவலை எடுக்கும்? 0.325 செயினின் பல் பொதுவாக 3/8 செயினின் பல்லைவிடக் குறுகலானது. அது வெட்டும் தடம் ஒடுங்கியது. அதே விசையைக் குறுகிய தடத்தில் செலுத்தினால் பல் ஆழமாக இறங்கும். அகலமான தடத்தில் செலுத்தினால், பல் மேலோட்டமாகச் சுரண்டிக்கொண்டு போகும், அல்லது கைப்பிடியை அழுத்தினால் எஞ்சின் சுற்று இறங்கித் திணறும். 50 சி.சி. அளவுள்ள எஞ்சினில், குறிப்பாகக் காய்ந்து இறுகிய கடின மரத்தில், 0.325 செயின் எளிதாக இறங்குவதற்கும், அதே ரம்பத்தில் 3/8 மாட்டியதும் ‘முன்பு போல் இழுக்கவில்லை’ என்ற உணர்வு வருவதற்கும் காரணம் இதுதான். தயாரிப்பாளர்களும் இந்த வழியிலேயே போகிறார்கள். ஸ்டில் எம்.எஸ். 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. ஆகிய 50 சி.சி. ரம்பங்கள் 0.325 பிட்ச்சோடு வருகின்றன, 59 சி.சி. எம்.எஸ். 362 வரும்போது பிட்ச் 3/8 ஆகிவிடுகிறது. ஒன்பது சி.சி. வேறுபாடு சிறிதாகத் தெரியலாம். ஆனால் பெரிய பல்லுக்கு வேண்டிய விசையைத் தருவதற்கான எல்லைக்கோடு ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் 3/8 செயினுக்கு நடுத்தர ரம்பத்தில் வேலையே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. அதன் பலம் பல்லின் கூர்மையில் இல்லை. உடலிலும் பல்லுக்கு முன்னால் உள்ள வாயிலும் இருக்கிறது. பல் சீவி எடுத்த மரம் உடனே வெளியே விழுந்துவிடுவதில்லை. மரத்தின் மறுபக்கம் போய்ச் சேரும்வரை அந்த வாய்க்குள்ளேயே தங்கிப் பயணம் செய்கிறது. 25 செ.மீ. மரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. 50 செ.மீ. பார் முழுவதும் மரத்துக்குள் புதைந்திருக்கும்போது, சிறிய பல்லின் வாய் பாதி வழியிலேயே நிரம்பிவிடலாம். நிரம்பிய பிறகு அந்தப் பல் வெட்டுவதில்லை, உரசிக்கொண்டு மட்டும் போகிறது. பச்சை மரத்தில் நார் நாராகச் சீவல் வரும்போது இது இன்னும் விரைவில் நேரும். அங்கே 3/8 செயினின் பெரிய வாய் கைகொடுக்கிறது. அதன் டிரைவ் லிங்க்குகளும் ரிவெட்டுகளும் பருமனானவை என்பதால் நீளமான பாரில், நாள் முழுவதும் ஓடும் வேலையில் நீட்சி குறைவாக இருக்கும். பல்லின் மேல்தட்டும் நீளமானது. அராவி அராவிக் குறைத்துக்கொண்டே போக அதில் உலோகம் அதிகம்.

பல்லைத் தீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செயினோடு நமக்கு உள்ள உறவில் பெரும்பகுதி அரத்தோடுதான். 40 செ.மீ. பாருக்கான 0.325 செயினில் தயாரிப்பாளரைப் பொறுத்து 66 அல்லது 67 டிரைவ் லிங்க்குகள் இருக்கும். பற்கள் 33 அளவில் வரும். அதே பாரின் 3/8 செயினில் 60 டிரைவ் லிங்க்குகள், 30 பற்கள். மூன்று பல் வித்தியாசம் ஒரு பொருட்டன்று. ஆகவே ‘3/8 என்றால் தீட்டும் வேலை பாதி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரத்தின் விட்டம் மாறுகிறது என்பதுதான் முக்கியம். 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 செயினுக்குத் தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து 5.5 அல்லது 5.2 மி.மீ. அரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரியும்படி பிடித்து அராவினால், மேல்தட்டின் அடியில் சரியான குழிவு விழுந்து விளிம்பு கூராகும். பழைய பிட்ச்சுக்கு வாங்கிய 4.8 மி.மீ. அரத்தையே 3/8 பல்லில் போட்டால், அது தாழ்ந்து உட்கார்ந்து பல்லின் நடுவில் கொக்கி போன்ற பள்ளத்தைத் தோண்டிவிடும். அந்த விளிம்பு முதல் சில வெட்டுகளில் ஆவேசமாகக் கடிக்கும். பிறகு விரைவிலேயே மழுங்கிப்போகும். பெரிய அரத்தைச் சிறிய பல்லில் போட்டால் நேர்மாறு: விளிம்பு சரிந்து, எவ்வளவு அழுத்தினாலும் தூள்தான் வரும். ரேக்கரின் உயரம் பெரும்பாலான செயின்களில், இரண்டு பிட்ச்சுக்குமே, பல்லின் விளிம்பைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும்.

ஒரு செயின் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறுக்கும் சத்தத்தை வைத்துச் சொல்வதைவிடக் கீழே விழுவதை வைத்துச் சொல்வது மேல். குறுக்காக அறுக்கும்போது வெளியே வருவதைக் கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். ஓரங்கள் தெளிவாக வெட்டுப்பட்ட, கனம் உள்ள சதுரச் சீவல்கள் அதிகமாக இருந்தால், பல்லுக்கு வேண்டிய விசை போய்ச் சேருகிறது என்று பொருள். மாவு போன்ற தூள் என்றால் பல் மழுங்கியிருக்கலாம், அல்லது பல்லின் அளவுக்கு எஞ்சின் போதாமல் இருக்கலாம். புதிதாகத் தீட்டிய 3/8 செயினை 50 சி.சி. ரம்பத்தில் மாட்டி, முழு பாரும் புதையும்படி கடின மரத்தில் இறக்கும்போது, சீவல்கள் அகலமாகவும் அதே சமயம் தாள் போல மெல்லியதாகவும் வருவதைக் காணலாம். மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்தச் சீவலில் இருக்கிறது.

பிட்ச்சுக்கும் சீவலின் கனத்துக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது கருவி ஸ்பிராக்கெட். நடுத்தர ரம்பங்கள் பலவற்றில் கிளட்ச் டிரம்மும் பற்கள் உள்ள வளையமும் தனித்தனியாக இருக்கும். வளையத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். 0.325 பிட்ச்சில் 7 பல் வளையத்தை எடுத்துவிட்டு 8 பல் வளையத்தைப் போட்டால் ஒரு சுற்றுக்குச் செயின் 132 மி.மீ. நகரும். இது 7 பல் 3/8 ஸ்பிராக்கெட்டின் நகர்வுக்கு ஏறக்குறைய சமம். மென்மையான மரம், குட்டையான பார், கூரான செயின் ஆகிய மூன்றும் அமைந்தால் இந்த ஏற்பாடு மிக விறுவிறுப்பாக ஓடும். ஆனால் இங்கே ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் விசை 14.7 நியூட்டனிலிருந்து 13 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. கடின மரம் அறுப்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். போடுகிறவர்கள், பெரிய வளையம் மூடிக்குள் உரசாமல் சுழல்கிறதா, செயினை இறுக்கும் திருகுக்கு இன்னும் நகர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும்.

பிட்ச்சை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், செயினோடு விஷயம் முடிவதில்லை. ஸ்பிராக்கெட்டும் மாற வேண்டும். பாரின் முனையில் சுழலும் மூக்குச் சக்கரமும் அதே பிட்ச்சில் இருக்க வேண்டும். முனையைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பார்களில் முனையை மட்டும் மாற்றினால் போதும். தகடுகளை அடுக்கிச் செய்த பார்களில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது, பாரையே மாற்ற வேண்டும். மூக்குச் சக்கரம் இல்லாத கெட்டி முனை பாருக்கு மட்டுமே பிட்ச் பற்றிக் கவலை இல்லை. 0.325 ஸ்பிராக்கெட்டில் 3/8 செயினைக் கட்டாயப்படுத்தி மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பதற்றமாக இருக்கும். டிரைவ் லிங்க்குகள் ஸ்பிராக்கெட்டின் பல்மேல் ஏறி உட்கார்ந்து, செயின் பாரைவிட்டுக் கழன்று பின்னால் வலது கையை நோக்கி வீசப்படக்கூடும்; கழன்ற செயினைத் தடுக்கும் செயின் கேட்சரும் கையுறையும் இருந்தாலும் அந்த அடி லேசானது அன்று.

பிட்ச்சோடு கேஜையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். டிரைவ் லிங்க்கின் கனம்தான் கேஜ். அது பாரின் பள்ளத்தோடு பொருந்த வேண்டும். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.3 மி.மீ. செயினை மாட்ட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வெட்டும். வெட்டு வளைந்து போகும். பள்ளத்தின் ஓரங்கள் சீரற்றுத் தேயும். பார் வளைந்து அறுக்கிறது என்று எஞ்சினையும் பல்லையும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள், முதலில் பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் கேஜ் எண்ணையும் டிரைவ் லிங்க் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிட்ச்சைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் கணிசமானவை உண்மையில் பல்லின் வடிவத்தைப் பற்றியவை. மண் ஒட்டிய அடிமரத்தையும் தரையில் கிடக்கும் கட்டையையும் அறுத்துச் சீக்கிரம் மழுங்குகிறது என்று வருந்துகிறவருக்குப் பிட்ச் மாற்றம் பெரிதாக உதவாது. சதுர மூலை கொண்ட ஃபுல் சிசல் பல்லை விட்டு, மூலை உருண்ட செமி சிசல் பல்லுக்கு அவர் மாற வேண்டும். சுத்தமான மரத்தில் ஃபுல் சிசல் வேகமானது. அழுக்கு பட்டால் அதன் மூலைதான் முதலில் போகும். இந்தப் பல்லின் அடிப்படை வடிவத்துக்கு ஓர் அருமையான பிறப்பு உண்டு. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து, அந்த வளைந்த வடிவில் இடப் பல்லும் வலப் பல்லும் கொண்ட செயினை உருவாக்கினார். அடுத்த ஆண்டு போர்ட்லாண்டில் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். பிட்ச் எதுவாக இருந்தாலும், இன்று நாம் அராவுகிற பல் அந்தப் புழுவின் தாடை வழி வந்தது.

பின்னுதைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரின் முனையில் மேல் கால்பகுதி எதிலாவது மோதினால், எந்தப் பிட்ச் செயினானாலும் ரம்பம் முகத்தை நோக்கி எழும்பும். சிறிய பற்கள் நெருக்கமாக ஓடும் 0.325 செயினில் வெட்டும்போது ஏற்படும் அதிர்வு குறைவு, கிளைகளைக் கழிக்கும்போது தத்தித் தத்திப் பிடிப்பதும் குறைவு என்பதால் கைக்கு அடங்கி நிற்கும். கிளை கழிப்பதே முக்கால் வேலையாக உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் சிறிய பிட்ச் என்பதற்காக முனையால் வெட்டத் துணியக் கூடாது. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் வழக்கத்தையும் விடக் கூடாது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு என் தீர்மானத்தைச் சொல்கிறேன். எஞ்சின் 45 முதல் 55 சி.சி. வரை, பார் 45 செ.மீ. வரை என்றால் 0.325 பிட்ச், 7 பல் ஸ்பிராக்கெட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மரம் எவ்வளவு கடினமோ அவ்வளவு உறுதியாக இதைச் சொல்வேன். எஞ்சின் 59, 60 சி.சி.யாக இருந்து, 50 செ.மீ. பார் பெரும்பாலான நாட்களில் முழுவதுமாகப் புதையும் வேலை என்றால் 3/8. இடையில் இருப்பவர்கள், பாரின் நீளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும், அதுவும் ரம்பத்தில் மாட்டியிருக்கும் நீளத்தை அன்று, வழக்கமாக மரத்துக்குள் இறங்கும் நீளத்தை. என்றோ ஒருநாள் வரும் பெருமரத்துக்காக, மற்ற நாட்களெல்லாம் எஞ்சினைப் பெரிய பல்லோடு கட்டிப்போடுவது வீண். அந்த ஒருநாளில் 0.325 செயினே இரண்டு பக்கமிருந்தும் வெட்டி வேலையை முடித்துவிடும், சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கையில் இரண்டு ரம்பங்கள் வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: பெரிய ரம்பத்தில் ஏற்கெனவே 3/8 இருந்தால், 60 சி.சி.க்கு அருகிலுள்ள இரண்டாவதையும் 3/8 ஆக்கிவிட்டால் ஒரே அரம், ஒரே செயின் சுருள் போதும். அது வேலைத்தளத்தில் பெரிய சௌகரியம்தான். 0.404 பிட்ச்சை நடுத்தர ரம்பத்தில் போடுவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1/4 பிட்ச் சிற்பம் செதுக்குபவர்களுக்கும் நீண்ட கம்பு ரம்பங்களுக்கும் உரியது.

மாற்றும் வேலை கடினமானதன்று. ஸ்பார்க் பிளக் இணைப்பைக் கழற்றிவிட்டு, மூடியின் நட்டுகளை எடுத்து, பாரையும் செயினையும் அகற்றினால், கிளட்ச் உட்புறம் அமைந்த ரம்பங்களில் ஸ்பிராக்கெட் கண்முன்னே தெரியும். தண்டின் நுனியில் உள்ள சிறிய கிளிப்பை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வாஷரும் வளையமும் கையோடு வந்துவிடும். கிளிப் துள்ளிப் பறக்கும் என்பதால் மறுகையால் பொத்திக்கொள்ள வேண்டும். கிளட்ச் வெளிப்புறம் அமைந்தவற்றில் முதலில் கிளட்சைக் கழற்ற வேண்டும்; அதன் மரை பொதுவாக இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். டிரம் வெளியே வந்திருக்கும்போது உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கைத் துடைத்துச் சிறிது கிரீஸ் வைப்பது நல்லது. புதிய வளையத்தைப் போட்டபின் அது டிரம்மின் பள்ளங்களில் பக்கவாட்டில் தாராளமாக நகர வேண்டும். அந்த நகர்வுதான் செயினும் பாரின் பள்ளமும் ஒரே கோட்டில் நிற்க உதவுகிறது.

பிட்ச்சை மாற்றாமல் அதே அளவில் புதுச் செயின் வாங்குகிறவர்களும் கழற்றிய கையோடு ஸ்பிராக்கெட்டைப் பார்த்துவிட வேண்டும். டிரைவ் லிங்க் அமரும் இடத்தில் தேய்மானத் தடம் 0.5 மி.மீ. ஆழத்தை எட்டிவிட்டால், அந்த ஸ்பிராக்கெட்டின் உண்மையான பிட்ச் செயினின் பிட்ச்சோடு ஒத்துப்போவதில்லை. புதிய செயினை அது சில நாட்களிலேயே நீட்டிவிடும். ஒரே ஸ்பிராக்கெட்டில் இரண்டு மூன்று செயின்களை மாற்றி மாற்றி ஓட்டி, எல்லாவற்றையும் சேர்த்துத் தேயவிட்டு, அடுத்த செயின் தொகுதியோடு புதிய ஸ்பிராக்கெட்டையும் போடுவதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.